பூட்டுப் போட்ட பெட்ரோல் டாங்கி

வக்கீல் குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுத்தார். பாதிக்கு மேல் நனைந்திருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அதே குச்சியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

திருவெள்ளறைக்கு முன்னால், துறையூர் சாலையில், ஒரு புளியமரத்தின் நிழலில் கார் நின்றிருந்தது. நானாக நிறுத்தவில்லை. இரண்டு தரம் விக்கல் எடுத்தது போலக் குலுங்கிவிட்டுத் தானாகவே நின்றது. பானெட்டைத் திறந்தால் சூடு முகத்தில் அடித்தது. பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

"பெட்ரோல் இருக்கு," என்றார் வக்கீல்.

"இருக்குங்க சார்."

"ஏன் நின்னுது?"

எனக்குத் தெரியவில்லை. தரையைப் பார்த்தேன். அவர் டாங்கி மூடியை மூடி, பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணு," என்றார். சாவியைத் திருப்பினேன். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வக்கீல் ஏறி உட்கார்ந்தார். உப்பிலியபுரம் போய்ச் சேரும்வரை ரோட்டைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். எந்தக் காலால் எதை மிதிக்கிறேன் என்று.

பச்சை நிறக் கார்

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்மலையில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போனது. இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். மேலே துணிக்கூரை. கரும்பச்சைப் பெயிண்ட், குளத்துத் தண்ணீர் மாதிரி முகம் தெரியும். உள்ளே இரண்டு கார்புரேட்டர்கள், இரட்டைப் பிள்ளைகள் போல ஒட்டி நிற்கும். பந்தயத்துக்குச் செய்த வண்டி என்று சொல்வார்கள்.

அதை வாங்கியவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருந்த வக்கீல் வரதராஜன். ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியாது என்பார் அவர் மனைவி வேதவல்லி அம்மா. அவருக்கு ஓட்டத் தெரியும். ஆனால் காவிரிப் பாலத்தில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தால் போதும், உள்ளங்கை வியர்த்துவிடும். அதனால் டிரைவர் தேவைப்பட்டது.

பாலக்கரையில் எங்கள் மாதா கோயில் சாமியார் சொல்லி நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் நான் லாரி ஷெட்டில் இருந்த கதையை இதே பகுதியில் இரண்டு வாரம் முன்பு எழுதியிருந்தேன். லாரி ஷெட்டில் பேசத் தேவையில்லை. வக்கீல் வீட்டில் பேச வேண்டியிருந்தது. எனக்கு அது வராது. இப்போதும் வராது. இவ்வளவு எழுதுகிறேனே, இதில் கால் பங்கை வாயால் சொல்லச் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

யாராவது என்னை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் என் கண் தானாகக் கீழே போகும். காது சிவக்கும். கேட்பவர் சாதாரண மனிதரானால் கூச்சம் என்று விட்டுவிடுவார். வக்கீலானால் குற்றம் என்று முடிவு கட்டுவார்.

மேலே பூட்டு

சந்தேகம் ஆரம்பித்தது வண்டி நிற்பதற்கும் முன்னால்.

வெள்ளைக்காரர் போகும்போது, இந்த வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்கு இவ்வளவு மைல் ஓடும் என்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நம் ஊர் வெயிலிலும் நம் ஊர் ரோட்டிலும் அது ஓடவில்லை. கடைத்தெருவில் கியரை மாற்றி மாற்றி ஊர்ந்து போகிற வண்டி எப்படி ஓடும்? வக்கீல் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஓடாத மைலுக்கான பெட்ரோல் எங்கேயோ போகிறது என்று பார்த்தார்.

முதலில் எதிர்வீட்டுக் காவல்காரர் சிங்காரத்தின் மேல் சந்தேகம். அவர் எப்போதும் எங்கள் கார் பக்கத்தில்தான் பீடி குடித்துக்கொண்டிருப்பார். பெட்ரோல் திருடுகிறவன் பெட்ரோல் பக்கத்தில் பீடி பற்றவைப்பானா என்று வேதவல்லி அம்மா கேட்டார். அதில் சிங்காரம் விடுதலையானார்.

மிச்சம் இருந்தது நான்.

என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் கோர்ட்டிலிருந்து வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் பளபளவென்று ஒரு புது டாங்கி மூடி. ஒரு லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்தது. நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, ஓரத்தில் சாவித் துவாரம், உள்ளே சைக்கிள் டியூப் ரப்பரில் வெட்டிய வாசர். பழைய மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டினார். சாவி ஒன்றே ஒன்று. அது அவரிடம்.

கூடவே ஒரு சட்டமும் போட்டார். டாங்கியைத் திறக்கும்போதெல்லாம் வண்டிச் சாவியை அணைத்துவிட வேண்டும். கார் தீப்பிடித்த கேஸ் ஒன்றை அவர் நடத்தியிருந்தார். அதிலிருந்து அந்தப் பயம். நல்ல சட்டம்தான். நானும் தவறாமல் கடைப்பிடித்தேன்.

பூட்டு வந்த பிறகு பெட்ரோல் கணக்கு சரியாகவில்லை. அதோடு வண்டி நிற்கவும் ஆரம்பித்தது.

பல்லி

சனிக்கிழமைகளில் வேதவல்லி அம்மாவைத் திருவெள்ளறைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவேன். வக்கீல் அன்று காலையில் தானே பெட்ரோல் பங்குக்கு வந்து, தன் கண்முன்னால் டாங்கியை நிரப்பி, பூட்டி, எங்களை அனுப்புவார். டாங்கி நிறைந்திருந்தும், கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூரையும் தாண்டினால் வண்டி குலுங்கும். நின்றுவிடும்.

மூடிச் சாவி வக்கீலிடம். டாங்கியைத் திறக்க முடியாது. பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரைத் தட்டி, குழாயின் மேல் ஈரத் துணி சுற்றி, காத்திருப்போம். அம்மா மடியிலிருந்து துளசி மணியை எடுத்துக்கொள்வார். நெடுநேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஓடும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

அந்தக் காரில் பெட்ரோல் பம்பு கரண்டில் வேலை செய்வது. சீட்டுக்குப் பின்னால் இருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். அம்மா அதைப் பல்லி என்பார். "பல்லி சொல்லிடுத்து, கிளம்பு சவரிமுத்து," என்பார் புறப்படும்போது. எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவர்தான் சொன்னார்.

"வண்டி நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பல்லி நின்னுடறது. நீ கவனிச்சியோ?"

நான் கவனித்திருக்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவனுக்கு இன்ஜின் சத்தம்தான் காதில் விழும். பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருகிறவருக்குத்தான் பல்லி கேட்கும்.

அதைக் கொண்டுபோய் இஸ்மாயில் பாயிடம் சொன்னேன்.

பாய் பட்டறையில்

பாலக்கரையில் இஸ்மாயில் பாய் பட்டறை அப்போது பெரிய பெயர். ஸ்ரீரங்கத்துக் கார்கள் பாதி அங்கேதான் படுக்கும். அவர் ஒரு காரின் வியாதியைப் பார்க்கும் முறை, நாடி பார்க்கிறவரைப் போல இருக்கும். முதலில் தொடமாட்டார். சுற்றி வருவார். டீ குடிப்பார். பிறகுதான் ஸ்பானரை எடுப்பார்.

முதல் தடவை கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்தார். அடியில் கொஞ்சம் செம்மண் வண்டல் இருந்தது. அதுதான் என்றார். இல்லை. இரண்டாவது தடவை பெட்ரோல் கொதித்துக் குழாயில் ஆவியாகிறது என்று சொல்லி, குழாயைக் கோணியால் சுற்றிக் கட்டினார். அதுவும் இல்லை. பல்லி விஷயத்தைச் சொன்னதும் பம்பைக் கழற்றி, அதன் பாயிண்டுகளை உப்புக்காகிதத்தால் தேய்த்தார்.

பிறகு ஒரு பரீட்சை. பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டார். டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, பட்டறை என்பதால் அன்று மட்டும் தன் சட்டத்தைத் தளர்த்தி, வக்கீல் மூடியைத் திறந்து வைத்தார். பம்பைப் போட்டதும் பெட்ரோல் பசுவின் மடியிலிருந்து வருவது போலப் பாய்ந்தது. பாட்டில் நிறைந்து வழிந்தது.

"பம்பு சிங்கம் மாதிரி இருக்கு வக்கீல் சார்," என்றார் பாய். "பெட்ரோல் வருது, கரண்ட் வருது. பின்னே எதுக்கு நிக்கணும்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்."

வக்கீல் என்னைப் பார்த்தார். பாயும் வக்கீலின் பார்வை போன பக்கம் பார்த்தார். பட்டறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

பாய் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது. காரை நான்கு தடவை கழற்றி மாட்டியும் ஒன்றுமில்லை என்கிறாரே, வேண்டுமென்றே ஏதாவது செய்து வைத்திருக்கிறாரா என்று. ஒருவரைச் சந்தேகித்தால் அவரும் சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க ஆரம்பிக்கிறார். பங்குக்காரர் பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறாரா என்று பார்த்தேன். சிங்காரம் காலையில் காருக்கு அடியில் குனிந்தால், விழுந்த பீடிக்கட்டைத்தான் எடுக்கிறாரா என்று பார்த்தேன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்த நாளும் உண்டு. தெரியாமல் கையோ காலோ எதையாவது செய்கிறதோ என்று.

குறுக்கு விசாரணை

அந்த வெள்ளிக்கிழமை மாலை வக்கீல் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டினார். நான் நின்றேன்.

"நீ ஓட்டறப்போ நிக்கறது. நான் இறங்கி டாங்கியைத் திறந்து பார்த்தா உடனே ஓடறது. பாய் ஷெட்டில நிக்கறதே இல்லை. இதுக்கு நீ என்ன சொல்றே?"

நான் பெஞ்சின் காலைப் பார்த்தேன்.

"நான் சொல்றேன் கேளு. மேலே பூட்டு இருக்கு. கீழே டாங்கிக்கு அடியில ஒரு திருகு இருக்கு. வழியில வண்டியை நிறுத்தினாத்தான் கீழே படுக்க முடியும். படுத்தா எடுக்க முடியும். நின்னு போச்சுன்னு சொல்லிட்டா யார் கேப்பா?"

"அம்மா கூட இருந்தாங்க சார்."

"அவ கண்ணை மூடிண்டு ஜபம் பண்ணிண்டிருந்திருப்பா. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு சவரி. நீ எடுக்கலையா?"

பார்க்கத்தான் முயன்றேன். அவர் சட்டைப் பொத்தான் வரைக்கும்தான் என் கண் ஏறியது.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. எடமலைப்பட்டி புதூரில் அந்தோணி என்று ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவர் மகள் லூர்துவை எனக்குப் பார்த்திருந்தார்கள். பையன் எப்படி என்று விசாரிக்க, அவர் வக்கீல் வீட்டுக்கு அந்த வாரம்தான் வந்துபோயிருந்தார். வக்கீல் அவரிடம், "ஞாயித்துக்கிழமை வாங்கோ, சொல்றேன்," என்று அனுப்பியிருந்தார். அந்தச் செய்தி அதற்குள் புதூருக்கும் பாலக்கரைக்கும் போய், என் அம்மா காதுக்கும் வந்துவிட்டது. நல்ல பையன் என்றால் அப்போதே சொல்லியிருப்பாரே, ஏன் ஞாயிறு என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

வக்கீல் ஏன் ஞாயிறு என்றார் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது.

"நாளைக்கு உப்பிலியபுரம் போறோம். டாங்கியை நிரப்பி மேலேயும் கீழேயும் அரக்கு வெச்சு என் முத்திரையைப் போடப் போறேன். எடுக்க வழியில்லை. எடுக்க வழியில்லைன்னா நிறுத்தவும் அவசியமில்லை. வண்டி ஒழுங்காப் போய்ச் சேர்ந்ததுன்னா, இத்தனை நாளும் ஏன் நின்னுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோயிடும்."

வெளியே வந்து மாம்பழச் சாலை தாண்டிக் காவிரிப் பாலம் வரை நடந்த பிறகுதான் அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு உறைத்தது. நாளை வண்டி நிற்காமல் ஓடினால் நான் திருடன்.

முத்திரை

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் நடந்ததை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. தீக்குப் பயந்த வக்கீல் டாங்கிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவாரா? சமையலறையில் இரும்புக் கரண்டியில் அரக்கை உருக்கி, அதைத் தூக்கிக்கொண்டு கூடம், நடை எல்லாம் தாண்டி ஓடிவருவார். வாசலுக்கு வருவதற்குள் பாதி இறுகிவிடும். திரும்பி ஓடுவார். வேதவல்லி அம்மா, "ஏன்னா, என் கரண்டி," என்று பின்னாலேயே வருவார்.

ஒருவழியாகக் கீழே திருகில் ஒரு முத்திரை. மேலே மூடியின் விளிம்பைச் சுற்றிலும் அரக்கு. சாவித் துவாரத்தின் மேல் தனியாக ஒரு முத்திரை. நடுவில் இருந்த பொட்டை மட்டும் தொடவில்லை.

பொட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா நிலைப்படிக்கும், கிணற்று ராட்டினத்துக்கும், ஆட்டுக்கல்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். கார் வந்த பிறகு காருக்கும். முதலில் முன்பக்கம் பானெட்டில்தான் வைத்தார். பெயிண்ட் போய்விடும் என்று வக்கீல் சத்தம் போட்டார். அதனால் பெயிண்ட் இல்லாத இடமாகத் தேடி, பின்னால் பளபளவென்று இருந்த புது மூடியின் நடுவில் வைக்க ஆரம்பித்தார். வட்டமான மூடி, நெற்றி மாதிரி. நடுவில் புள்ளி வைத்தது போல ஒரு துளை வேறு. பொட்டு அதன் மேல் சரியாக உட்காரும்.

நான் தினமும் காரைக் கழுவுவேன். ஆனால் அந்தப் பொட்டைத் தொடமாட்டேன். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அம்மா வைத்த சந்தனத்தை ஈரத் துணியால் அழித்தால் யாராவது வேறு மாதிரி நினைப்பார்களோ என்று பயம். சுற்றித் துடைத்துவிட்டு விட்டுவிடுவேன். ஒரு வாரச் சந்தனத்தின் மேல் அடுத்த வாரச் சந்தனம் ஏறி, அது வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகியிருந்தது.

அன்றைக்கு முத்திரை வைத்த வக்கீலும் அதைச் சுற்றியேதான் வைத்தார்.

நிற்க வேண்டும் என்று

வண்டியைக் கிளப்பினேன். பல்லி நன்றாகச் சொன்னது. மாம்பழச் சாலை வரை போய்த் திரும்பி வடக்கே விட்டேன். கொள்ளிடம் பாலத்தில் கார் வெண்ணெயில் கத்தி மாதிரி போயிற்று.

எந்த டிரைவரும் செய்யாத ஒன்றை அன்று நான் செய்தேன். கோடி அற்புதர் அந்தோணியாரிடம், வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். டோல்கேட் வந்தது, போயிற்று. இரண்டு பக்கமும் நெல் ஆலைகள். உமி வாசனை. வக்கீல் மடியில் கேஸ் கட்டை வைத்துக்கொண்டு, திருப்தியாக, எதிரி சாட்சி தானாக உளறுவதைக் கேட்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தோணி மாமாவிடம் என்ன சொல்வார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

நான் இன்ஜின் சத்தத்தை விட்டுவிட்டுச் சீட்டுக்குப் பின்னால் காதை வைத்தேன். டிக். டிக். டிக். மண்ணச்சநல்லூர் கடைத்தெரு நுழையும்போது, இரண்டு டிக்குக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் நீண்டது போலத் தோன்றியது. ஆசையால் தோன்றுகிறதா என்று சந்தேகம். ஊர் தாண்டியதும் இன்னும் நீண்டது. பிறகு சத்தமே இல்லை.

கார் குலுங்கியது. வழக்கமாக நிற்கும் புளியமரம் இன்னும் தூரத்தில் இருந்தது. அதற்கு வெகுமுன்னாலேயே நின்றுவிட்டது.

நான் சாவியை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"தொடாதே," என்றார் வக்கீல். "ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கட்டும். ஒண்ணையும் தொடப்படாது."

அப்படியே வைத்தேன். அவர் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் முழங்கால் போட்டுக் கீழே எட்டிப் பார்த்தார். முத்திரை இருந்தது. பின்னால் போய் மேலே பார்த்தார். எல்லாம் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவில்லையே.

அரக்கை உடைக்கும் சத்தம் கேட்டது. சாவி திரும்பும் சத்தம். மூடியைத் திருகினார்.

புஸ்ஸென்று, இதற்கு முன் கேட்டிராத பலத்தில், ஒரு சத்தம். கோலி சோடா உடைத்தால் வருமே, அதே மாதிரி. ஆனால் சோடாவில் காற்று வெளியே வரும். இது உள்ளே இழுத்த சத்தம்.

உடனே என் முதுகுக்குப் பின்னால் பல்லி சொன்னது. டிக் டிக் டிக் டிக் என்று, மூச்சு முட்டிக் கிடந்தவன் மூச்சு விடுவது போல, நிற்காமல்.

என் கை ஸ்டியரிங் மேல்தான் இருந்தது. சாவி போட்டபடியே இருந்தது. இத்தனை நாளும் மூடியைத் திறக்கும்போது வண்டிச் சாவியை அணைத்துவிடுவோம். பம்பு ஊமையாக இருக்கும். பூட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடும். நடுவில் நடந்தது யார் காதிலும் விழுந்ததில்லை.

"நீ ஏதாவது தொட்டியா?" என்றார்.

"இல்லீங்க சார்."

அவர் வந்து என் கையைப் பார்த்தார். மறுபடி பின்னால் போனார். அவரிடம் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் நானாக வாய் திறந்தேன்.

"காத்து சார். பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காத்து போகணும். போக வழியில்லை. அதான் பம்பு இழுக்க முடியாம நின்னுடுது. டாங்கி நெறைஞ்சிருந்தா உள்ளே எடமே இல்லை, சீக்கிரம் நின்னுடுது. இன்னிக்கு அரக்கு வேற சுத்தி அடைச்சிடுச்சு, அதான் புளியமரம் வரைக்கும்கூட வரலை. நீங்க தெறந்தா சரியாயிடுது."

வக்கீல் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயருகே வைத்து ஊதினார். காற்று போகவில்லை. கேஸ் கட்டிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, உட்புறத்திலிருந்து துளைக்குள் குத்தினார். அந்தப் பக்கம் காய்ந்த சந்தனம் ஒரு சில்லாக உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. குங்குமமும் கூட.

அவர் ரோட்டு ஓரத்தில் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா இது இங்கே இருக்கறதைப் பார்த்திருக்கியே. தொடச்சிருக்கப்படாதோ?"

"அம்மா வெச்சது சார்."

பூட்டுப் போட்டவர் அவர். பானெட்டில் வைக்கக் கூடாது என்று விரட்டியவரும் அவர். வக்கீல்கள் இதையெல்லாம் நம்மைவிட வேகமாக அடுக்கிப் பார்த்துவிடுவார்கள். சந்தனச் சில்லை எறியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை

சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே, வண்டி நின்றதா என்று கேட்டார். நின்றது, கார்புரேட்டரில் தூசி, எடுத்தாச்சு என்றார் வக்கீல். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோர்ட்டில் சொன்னதைப் பற்றி எனக்குத் தெரியாது.

"நான் அப்பவே சொன்னேனே, இந்தப் பிள்ளை மேல தப்பு இருக்காதுன்னு," என்றார் அம்மா. "வண்டி வழியில நிக்கப்படாது, இவனுக்குக் கெட்ட பேர் வரப்படாதுன்னுதானே வெள்ளிக்கிழமை தவறாம அதுக்குப் பொட்டு வெச்சிண்டிருக்கேன்."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு அவரும் தரையைத்தான் பார்த்தார்.

மறுநாள் அந்தோணி மாமா வந்தார். நான் வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வக்கீல் குரல் கேட்டது. "சவரிமுத்து மேல எந்தக் குத்தமும் நிரூபணம் ஆகலை," என்றார்.

ரயில்வேக்காரருக்கு அது நல்ல பதிலா கெட்ட பதிலா என்று விளங்கவில்லை. "அப்படின்னா குடுக்கலாமுங்களா, கூடாதுங்களா?" என்று கேட்டார்.

வக்கீல் அதற்கு என்ன வார்த்தை தேடினாரோ, அதற்குள் கூடத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னார். "தாராளமாக் குடுங்கோ. ரத்தினம் மாதிரிப் பிள்ளை."

லூர்து இந்தக் கதை முழுவதையும் அறிவாள். வீட்டில் எது காணாமல் போனாலும் இன்றைக்கும், "கையைக் காட்டுங்க, பெட்ரோல் வாசனை வருதான்னு பாக்குறேன்," என்பாள்.

மறு வெள்ளிக்கிழமை

சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வண்டி நல்லபடியாகிவிட்ட சந்தோஷத்தில், அந்த வெள்ளிக்கிழமை அம்மா டாங்கி மூடிக்கு வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் வேண்டுதல்தான் வண்டியை நிறுத்தியது என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு குண்டூசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் வந்தேன். அம்மா எழுந்து வருவதற்குள் பொட்டுக்கு நடுவே ஒரு குத்து குத்திவிட வேண்டும் என்று திட்டம்.

தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். காருக்குப் பின்னால் ஒரு ஆள் குனிந்திருந்தார். தெருவில் இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. எதிர்வீட்டில் சிங்காரம் தூங்குகிறாரா என்று ஒரு பார்வை. பிறகு டாங்கி மூடியின் மேல் குனிந்து ஏதோ செய்தார். யார் பார்த்தாலும் பெட்ரோல் திருடன் என்றுதான் சொல்வார்கள்.

வக்கீல்தான். கையில் குண்டூசி.

நான் சத்தமில்லாமல் தெருமுனைக்குத் திரும்பிப் போனேன். அவர் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றேன். பிறகு இரண்டு தடவை பலமாக இருமிவிட்டு, ஒன்றும் பார்க்காதவன் மாதிரி நடந்து வந்து, வாளியில் தண்ணீர் எடுத்துக் காரைக் கழுவ ஆரம்பித்தேன். பொட்டைச் சுற்றித்தான் துடைத்தேன்.